மூன்றாவது அறையின் சாகுபடி

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தஞ்சாவூருக்கு நடுவில் ஒரு வீடு கேட்டார்கள், அவ்வளவுதான்.

முத்துப்பேட்டையில் எங்கள் ஆட்களிடம் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியேறுவார். வீடு பெண் பேரில் இருக்கும். மாமியார் அவருடைய வீட்டிலேயே இருப்பார். இந்த வழக்கத்தை எந்தப் பெண் ஆரம்பித்து வைத்தாளோ தெரியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்காக நான் துஆ செய்கிறேன். கல்யாணப் பேச்சு வந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, மாமியார் இல்லாத வீடு. மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அவர் காலையில் கடைக்குப் போய்விடுவார்.

மாப்பிள்ளை லியாகத் அலிக்குத் தஞ்சாவூர் கீழவாசலில் செல்போன் கடை. அதனால் வீடும் அங்கேயே வேண்டும் என்று அவருடைய தாயார் சைத்தூன் பீவி சொல்லியனுப்பினார். "முத்துப்பேட்டையில வீட்டக் குடுத்துட்டா எம்மவன் தெனம் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போவானா?" என்று கேட்டாராம். நியாயம்தான்.

என் வாப்பா அஹமது கபீர் பாதி ஆயுளை அபுதாபியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பிரிவில் கழித்தவர். அங்கே பெரிய பெரிய கட்டடங்களை ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துப் பழகியதால், கட்டடம் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார். அவரும் என் மாமா ஜெக்கரியாவும் வீடு பார்க்கப் போனார்கள். பெண்களைக் கூட்டிப்போகவில்லை. பிறந்ததிலிருந்து அடுப்பு பற்றவைக்காத இரண்டு பேர் போய், சமையலறை வசதியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டு வந்தார்கள்.

கட்டடத்தின் பெயர் செம்பியன் டவர்ஸ். தஞ்சாவூரில் டீக்கடை வைத்தாலும் சோழர்களிடம் பெயர் வாங்கித்தான் வைக்கிறார்கள். 'நகரின் இதயப் பகுதியில் விசாலமான மூன்று படுக்கையறைகள்' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. இதயம் என்றால் துடிக்க வேண்டும் அல்லவா, அது நன்றாகவே துடித்தது. முன்பக்கம் எல்லாக் கட்சிகளும் பொதுக்கூட்டம் போடும் முச்சந்தி. பின்பக்கம் மீன் மார்க்கெட். காதுக்கு ஒரு பால்கனி, மூக்குக்கு ஒரு பால்கனி.

வீட்டைச் சுற்றிக் காட்டிய ஆள், "எல்லாம் பக்கா வாஸ்துங்க" என்று ஆரம்பித்தவர், வாப்பாவின் தொப்பியைப் பார்த்ததும் நிறுத்தி, "கிப்லாவும் கரெக்டா இருக்குங்க" என்று முடித்தாராம். மாமா உடனே செல்போனில் திசை பார்த்தார். வாஸ்துப்படி வைத்த கக்கூஸ் நேராக கிப்லாவை, நாங்கள் தொழுகிற மேற்குத் திசையை, பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பெயர்த்துத் திருப்பி வைத்துத் தருவதாகப் பேசி முடித்தார்கள். செம்பியன் டவர்ஸில் தெற்கே பார்த்து உட்காருகிற ஒரே குடும்பம் நாங்கள்தான்.

வீட்டை வாங்க நிலத்தை விற்க வேண்டும். எங்களுக்கு இருந்தது பாமணியாற்றின் கடைமடையில் பத்து மா நஞ்சை, மூன்று ஏக்கர் சொச்சம். காவிரித் தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து, களைத்துப்போய், மனசிருந்தால் எங்கள் வயலுக்கு வரும். அந்த வருஷம் ஊரெல்லாம் போராட்டம். பூமிக்கடியில் எரிவாயு இருக்கிறதாம், துளை போட்டு எடுக்கப்போகிறார்களாம், விளைநிலம் எல்லாம் போய்விடுமாம். வாப்பாவும் பந்தலில் போய் உட்கார்ந்தார். காலையில் மைக்கைப் பிடித்து, "ஒரு பிடி மண்ணக்கூட விட்டுக்குடுக்க மாட்டோம்" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். மத்தியானம் சோற்றுக்கு வந்தவர், தரகருக்கு போன் போட்டு பத்து மாவுக்கும் விலை பேசினார். பிடி மண்ணுக்குத்தான் தடை, மொத்தமாகக் கொடுத்தால் தப்பில்லை போலிருக்கிறது.

ஆனால் நிலத்தை நாங்கள் உழவில்லை. உழுதவர் முருகையன். அவருடைய தாத்தா எங்கள் பண்ணையில் ஆள். அவருடைய அப்பா குத்தகைக்கு உழுதார். வருஷா வருஷம் நெல் அளந்து கொண்டுவந்து போட்டுவிட்டு ரசீது கேட்பார்கள். "நமக்குள்ள என்னய்யா ரசீது" என்று எங்கள் வீட்டில் பாசமாகச் சொல்வார்கள். ரசீது கொடுத்தால் குத்தகைதாரர் என்று ஆகிவிடுமே, அந்தப் பாசம். ஆனால் எப்போதோ ஓர் ஆட்சியில் அதிகாரிகள் வயலுக்கே வந்து, யார் உழுகிறார் என்று பார்த்து, அந்தப் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு ஏரின் பின்னால் நடந்தது முருகையனின் அப்பா. என் வாப்பாவின் அப்பா கொழும்பில் இருந்தார். அதிகாரிகள் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கவில்லை.

ஆக, முருகையன் கையெழுத்துப் போட்டு விலகாமல் நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள். பஞ்சாயத்து எங்கள் வீட்டில் கூடியது. நானும் உம்மாவும் உள்கதவின் திரைக்குப் பின்னால் நின்றோம். பஞ்சாயத்துக்கு வந்தவர் ஒன்றியச் செயலாளர் ரெத்தினம். எந்தக் கட்சி என்று கேட்டால், ஆளும் கட்சி. ஆட்சி மாறினால் கரை வேட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே நாற்காலியில் உட்காருவார்.

முருகையன் நின்றுகொண்டே பேசினார். "வழக்கப்படி மூணுல ஒரு பங்கு எங்களுக்குப் பிரிச்சு விட்டுருங்க பாய். மிச்சத்த நீங்க யாருக்கு வேணாலும் வித்துக்குங்க."

"பிரிச்சா வாங்க மாட்டேங்குறான் முருகையா. எறால் குட்டை வெட்டப்போறவன். மொத்தமாத்தான் கேக்குறான்."

"அப்ப எம் பங்குக்கு என்ன வழி?"

"பணமா வாங்கிக்க. இப்ப வீட்டுக்கே சரியாப் போயிரும். கல்யாணமெல்லாம் முடியட்டும், குடுத்துர்றேன்."

"எங்கப்பாவுக்கு உங்கப்பாவும் அப்புடித்தாங்க குடுத்தாரு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

திரைக்குப் பின்னால் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். உம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ரெத்தினம் டீயைக் குடித்து முடித்தார். "பாய், நெலம் வித்த காசு எங்க போவுது?"

"தஞ்சாவூருக்கு. வீடு வாங்கத்தான்."

"வீட்டுல எத்தன ரூமு?"

"மூணு பெட்ரூமு."

"அப்பறம் என்ன பெரச்சன? நெலத்துல மூணுல ஒண்ணு. நெலம் வீடா மாறுனா வீட்டுல மூணுல ஒண்ணு. கணக்கு சரியாப்போச்சு."

வாப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். ரெத்தினம் தன் தீர்ப்பு தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். முருகையன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப மூணாவது ரூமு எங்க அனுபவத்துக்குன்னு எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

கட்சி லெட்டர்பேடில் எழுதி ரெத்தினமே சாட்சிக் கையெழுத்தும் போட்டார். அவர் போனபிறகு வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "எழுதுனா என்ன. மாடு கன்ன வச்சிருக்கவன் மூணாவது மாடியிலயா போய்க் குடியிருக்கப் போறான்."

வீடு என் பேரில் பதிவானது. கையெழுத்துப் போடுவதற்காக அன்றுதான் முதன்முறையாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டைக் காட்டவில்லை. நேரமாகிவிட்டது, கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கியவள்தானே, அவசரம் என்ன.

பதிவு முடிந்த மறுநாள் சைத்தூன் பீவி எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மா கொடுத்த வட்டலாப்பத்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "மூணாவது ரூம எனக்கு ஒதுக்கிருங்க. காத்து நல்லா வருமாமே."

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அவருடைய வீட்டை வழக்கப்படி மகள் ஹமீதா பானுவுக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த வீட்டின் பின்னறையில்தான் இருந்தார். தாயும் மகளும் பேசிக்கொள்வதில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை வீட்டுப் பூனையிடம் சொல்வார்களாம். பூனை இளைத்துவிட்டது என்று கேள்வி.

அவர் போனதும் நான் உம்மாவிடம் கேட்டேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல உம்மா?"

"வழக்கமெல்லாம் முத்துப்பேட்டையோட சரி புள்ள. அது டவுனு."

"அந்த ரூமு முருகையனுக்கு எழுதிக் குடுத்தது இல்லையா?"

"அது சும்மா எழுதுனது. நீ போயி தேங்காயத் துருவு."

நிலச் சீர்திருத்தத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தத் தேங்காயைத் துருவும்போதுதான். உழைக்கும் மக்களின் உரிமை பறிபோவதைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று தோன்றியது. முக்கியமாக, பறித்துக்கொள்வது என் மாமியாராக இருக்கும்போது.

முருகையனின் மகள் அம்சம் ஒன்பதாம் வகுப்பு வரை என் பெஞ்சில் இருந்தவள். கணக்கில் நான் முதல், அவள் இரண்டாவது. பத்தாவதுக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகவேண்டும், பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். இப்போது தஞ்சாவூரில் மகளிர் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

எனக்கு போனில் பேச வராது. மணி அடித்து அவள் எடுத்ததும் பயத்தில் வைத்துவிட்டேன். மறுபடியும் அதேபோல். கடைசியில் அவளே கூப்பிட்டாள். "யாரு அது, மிஸ்டு கால் குடுத்து வெளையாடுறது?"

"ஆசியா."

"எந்த ஆசியா? பேசாம இருப்பாளே, அவளா?"

"ம்."

அறையைப் பற்றிச் சொன்னேன். எப்போது குடிவருவாள் என்று கேட்டேன். அவள், "உங்க மாமியாரு எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். கணக்கில் அவள் இரண்டாவது என்பது டீச்சர் செய்த தப்பாக இருக்கலாம்.

"கல்யாணம் முடிஞ்சு."

"அப்ப இந்த வாரமே வர்றோம்னு அப்பாகிட்ட சொல்றேன்."

சாவிக்கொத்து உம்மாவின் பீரோவில் இருந்தது. வாசல் சாவியிலும் மூன்றாவது அறைச் சாவியிலும் ஒவ்வொன்றைக் கழற்றி, மீன்காரம்மா பொன்னுத்தாயிடம் கொடுத்தனுப்பினேன். பொன்னுத்தாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மத்தி மீன் விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. கல்யாணம் முடிந்து நான் என் வீட்டை முதன்முதலாகப் பார்த்தபோது, மூன்றாவது அறைக்கு வெளியே இருந்த பால்கனியில் நெல் வளர்ந்திருந்தது. பெயிண்ட் வாளிகள் வரிசையாக. வாளி நிறைய எங்கள் பத்து மாவின் சேறு. சேற்றில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பயிர். உள்ளே ஒரு பெட்டி, அரசாங்கம் கொடுத்த மின்விசிறி, அரசாங்கம் கொடுத்த லேப்டாப், அதற்கு முன்னால் அம்சம்.

"இது என்னடி?"

"ஆடுதுறை ரகம். குறுவை."

"இங்க எதுக்கு?"

"அப்பாதான் நட்டுவச்சாரு. காயிதத்த நம்பாத, யாரு எப்ப வந்து பாத்தாலும் சாகுபடி இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

மேட்டூர் அணை திறக்கவில்லை என்று ஊரில் கடைமடை காய்ந்துகொண்டிருந்தது. செம்பியன் டவர்ஸ் மூன்றாவது மாடியில் குளியலறைக் குழாய் வழியாக முறைப்பாசனம் நடந்தது.

அந்த வாரமே சைத்தூன் பீவி கட்டிலோடு வந்தார். தேக்குக் கட்டில். லிஃப்டில் நுழையவில்லை. மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிற ஆட்கள் அதைப் படிவழியாகத் தூக்கிவந்தார்கள். அறைவாசலில் அம்சம் தலையில் ஈரத்துண்டோடு நின்றாள்.

"நீ யாரு புள்ள?"

"மூணாவது ரூமுங்க."

மாமியார் என் கணவரைப் பார்த்தார். லியாகத் அலி ஒரு செல்போனைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது உம்மா. நா வந்தப்பவே பயிரு இருந்துச்சு. எனக்கு சார்ஜர் போட ப்ளக்கு இருந்தாப் போதும்" என்றார். இவ்வளவு நல்ல மனிதர் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாப்பாவை போனில் கூப்பிட்டார்கள். அவர் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. கீழே முச்சந்தியில் பொதுக்கூட்டம். டெல்டா மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ரெத்தினத்தின் குரல் எங்கள் கூடத்துக்குள் தெளிவாகக் கேட்டது. உழுபவனுக்கே நிலம் சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நகரின் இதயப் பகுதியில் வீடு வாங்கினால் இப்படி ஒரு வசதி உண்டு. பேசி முடித்து இறங்கியவரை வாப்பா கையோடு மேலே கூட்டிவந்துவிட்டார். கழுத்தில் சால்வை இன்னும் இருந்தது.

"என்னங்க இது அநியாயம்" என்றார் மாமியார். "குத்தகைன்னா உழுவணும், நடணும், அறுக்கணும். ரூமுக்குள்ள என்ன குத்தகை? மெத்தையிலயா நாத்து விட்டுருக்கா?"

"அதானே" என்றார் வாப்பா.

அம்சம் பால்கனிக் கதவைத் திறந்தாள். ரெத்தினம் எட்டிப் பார்த்தார். குனிந்து ஒரு தோகையைத் தடவினார். வாளிக்குள் விரலை விட்டுச் சேற்றைப் பார்த்தார். இதற்கு முன் எத்தனையோ தகராறுகளில் வயலில் இறங்காமலே தீர்ப்பு சொன்னவர், அன்றைக்கு முறையாக ஆய்வு செய்தார்.

"சாகுபடி இருக்கேம்மா" என்றார்.

"வாளியில வச்சா அது சாகுபடியா?"

"வாளின்னு பாக்கக் கூடாது. நெல்லான்னு பாக்கணும். இது நெல்லு." கீழே அப்போதுதான் பேசிவிட்டு வந்த பேச்சு அவருக்கே காதில் ஒலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "வீடு யாரு பேர்ல?"

"எம் பொண்ணு பேர்ல" என்றார் வாப்பா.

"பொண்ணு என்ன சொல்லுது?"

எல்லாரும் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதுவும் சொல்லாமல் இருந்தால், இல்லை என்று எடுத்துக்கொண்டு கட்டிலை உள்ளே தள்ளிவிடுவார்கள். நான் இதுவரை பேசாமல் இருந்த எல்லா இடத்திலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"குத்தகைதாரர எழுப்ப முடியாதாமே" என்றேன்.

லியாகத் அலி செல்போனைக் கீழே வைத்துவிட்டு, "இவளுக்குப் பேச வருமா?" என்று அம்சத்திடம் கேட்டார்.

மாமியார் அன்றைக்கே கிளம்பினார். கட்டிலை எடுத்துப்போக ஆள் கிடைக்கவில்லை. மீன் மார்க்கெட் ஆட்கள் போய்விட்டார்கள். அது கூடத்தில் நின்றது. என் கணவர் அதில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் செய்தார். வாப்பா ஊருக்குப் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினது அவருக்கு ஒப்பவில்லை. எனக்கு அந்த வாரம் முழுவதும் பெருநாள் மாதிரி இருந்தது.

பயிர் முற்றியதும் முருகையன் வந்து அறுத்தார். முறத்தில் தட்டித் தூற்றினார். நாங்கள் மூன்று பேரும் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தோம். எதிர்வீட்டு ஆட்களும் பார்த்தார்கள். அம்சம் நெல்லை ஒரு எவர்சில்வர் டம்ளரில் தலைதட்டி அளந்து என் கையில் கொடுத்தாள்.

"குத்தகை நெல்லு. ரசீது குடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. முருகையன் சிரிக்கவில்லை. அவர் கை அரிவாளைத் துடைத்துக்கொண்டே இருந்தது. அவருடைய அப்பாவும் அவரும் கேட்டுக் கேட்டு வராத ரசீது. நான் உள்ளே போய் ஒரு தாள் எடுத்து, இன்ன அறைக்கு இன்ன பருவத்துக்கு இவ்வளவு நெல் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். முருகையன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது. எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு நல்ல நிலச்சுவான்தார் பிறந்ததில்லை.

அந்த மரியாதை அடுத்த மாதம் வரை இருந்தது.

ஒருநாள் நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வீட்டில் மீன்குழம்பு வாசனை. கீழே மார்க்கெட்டிலிருந்து வருகிற வாசனை இல்லை, சாப்பிடத் தூண்டுகிற வாசனை. அடுப்படியில் சைத்தூன் பீவி. அம்சம் தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். என் குழம்பை ஊற்றினால், "இது கொழம்பா, பாமணியாறா?" என்று கேட்கிறவள், தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

அவளை அறைக்குள் இழுத்துப் போனேன். அங்கே மாமியாரின் பெட்டி இருந்தது. தொழுகைப் பாய் விரித்திருந்தது.

"என்னடி இது?"

"மவ கூடப் பெரிய சண்டையாம். பூன செத்துப்போச்சாம். பாவம்டி, எங்க போவாங்க? எம் பங்குல பாதிய விட்டுருக்கேன்."

"நீ எப்புடி விடலாம்? இது என் வீடு."

"வீடு உன்னுது. ரூமு என் அனுபவம். இது உள்குத்தகை. ரெண்டு வேள சோறு, ஞாயித்துக்கெழம வஞ்சிரம்."

"உள்குத்தகையெல்லாம் விடக் கூடாது. சட்டத்துல கெடையாது."

"ரசீதுல அப்புடி ஒண்ணும் எழுதலையே" என்றாள் அம்சம். "நீதான எழுதுன."

வெளியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஆசியா, எம்மவன எந்திரிக்கச் சொல்லிட்டு அந்தக் கட்டில உள்ள தள்ளச் சொல்லும்மா."

வாப்பாவுக்கு போன் செய்தேன். பால்கனி பஞ்சாயத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியிருக்கவில்லை. நடந்ததை முழுதும் சொன்னேன். மெதுவாகக் கேட்டார்: "ரசீதா குடுத்தே?"

"ஆமா வாப்பா."

"உன் கையாலயா?"

"ஆமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, உம்மா தண்ணீர் கொண்டுவந்து, அதற்குப் பிறகும் சிரித்தார். என் கல்யாணம் பேச ஆரம்பித்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

நான் போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மீன்குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.